64 எழுத்துகளில் ஒரு கைரேகை: அலுவலகக் கணினிக்குள் வரும் விஷ ஃபைலை அடையாளம் காண்பது எப்படி?



கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் நம் மஹல்லாத் தம்பி ஒருவர், சென்ற மாதம் லுஹர் தொழுகை முடிந்து வெளியே வரும்போது தன் போனை என்னிடம் நீட்டினார். அவர்கள் பட்டறையில் சாமான் வாங்கும் பெரிய கம்பெனியிலிருந்து ஓர் எக்செல் ஷீட் வந்திருந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட வரிகள். ஒவ்வொரு வரியிலும் எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்து நீளமாக ஏதோ இருந்தது. மேலே ஒரே ஒரு வாக்கியம்: கீழ்க்கண்டவற்றை உங்கள் கணினிகள் அனைத்திலும் தடை செய்துவிட்டு ஒரு வாரத்துக்குள் பதில் அனுப்பவும்.

"அண்ணே, பாஸ்வேர்டு மாத்தச் சொன்னா மாத்திடுவேன். இது என்னன்னே புரியலையே. முதலாளி என்னைத்தான் கேக்குறாரு" என்றார்.

இந்தத் தம்பியின் நிலையில் நம் வீடுகளில் பலர் இருக்கிறார்கள். மருத்துவமனை வரவேற்பில், ஜவுளிக் கடை பில்லிங்கில், ஹஜ் உம்ரா டிராவல்ஸில், பள்ளிக்கூட அலுவலகத்தில் என்று எங்கோ ஓரிடத்தில் 'கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை' என்ற ஒரே காரணத்துக்காக எல்லா மெஷின்களும் அவர்கள் தலையில் விழுந்திருக்கும். அவர்களுக்காகவும், அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் கடைக்கார சகோதரர்களுக்காகவும் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அந்த நீள வரியின் பெயர் ஹாஷ். ஒரு ஃபைலின் கைரேகை என்று நினைத்துக்கொள்ளுங்கள். ரேஷன் கடையில் நாம் விரல் வைக்கும்போது மெஷின் நம் பெயரையோ சட்டை நிறத்தையோ பார்ப்பதில்லை. ரேகையை மட்டுமே பார்க்கிறது. ஹாஷும் அப்படித்தான். ஃபைலுக்கு 'இன்வாய்ஸ்' என்று பெயர் வைத்தாலும் 'கல்யாண போட்டோ' என்று பெயர் மாற்றினாலும், எந்த ஃபோல்டரில் கொண்டுபோய் ஒளித்தாலும், உள்ளே இருப்பது மாறாதவரை ஹாஷ் ஒன்றேதான். உள்ளே ஒரே ஒரு எழுத்து, ஒரே ஒரு புள்ளி மாறினாலும் ஹாஷ் முழுவதுமாக வேறாகிவிடும். பழையதோடு அதற்கு எந்தச் சாயலும் இருக்காது.

இன்று பெரும்பாலும் பயன்படும் கணக்கு முறைக்கு எஸ்.எச்.ஏ.256 என்று பெயர். அது தரும் விடை எப்போதும் 64 எழுத்துகள்தான். 0 முதல் 9 வரை உள்ள எண்களும், ஆங்கில எழுத்துகளில் ஏ முதல் எஃப் வரை உள்ள ஆறும் மட்டுமே அதில் வரும். ஒரு பக்கக் கடிதமாக இருந்தாலும் இரண்டு மணி நேரப் படமாக இருந்தாலும் அதே 64தான். வரக்கூடிய மொத்த விடைகளின் எண்ணிக்கையை எழுதினால் 78 இலக்கங்கள் வரும். ஆகவே இரண்டு வெவ்வேறு ஃபைல்களுக்குத் தற்செயலாக ஒரே ஹாஷ் அமைவது நடைமுறையில் நடக்காது.

இதற்கு முன்பு எம்.டி.5 என்ற முறை இருந்தது. அமெரிக்கப் பேராசிரியர் ரொனால்ட் ரிவெஸ்ட் 1991இல் வடிவமைத்தது. 32 எழுத்துகள். 2004இல் சீனப் பேராசிரியர் சியாவ்யுன் வாங்கின் குழு, வேண்டுமென்றே ஒரே எம்.டி.5 வருமாறு இரண்டு வேறு உள்ளடக்கங்களைத் தயாரித்துக் காட்டிவிட்டது. எஸ்.எச்.ஏ.1 என்ற 40 எழுத்து முறையையும் 2017இல் கூகுளும் நெதர்லாந்து ஆய்வு நிலையம் ஒன்றும் சேர்ந்து அதேபோல் உடைத்தன. தம்பியின் ஷீட்டில் மூன்று பத்திகள் இருந்ததற்கு இதுதான் காரணம்: ஒரே ஃபைலின் மூன்று வகைக் கைரேகை. 64 எழுத்துப் பத்தி இருந்தால் அதையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இது கணினிக்காரர்களின் விளையாட்டு என்று எண்ணிவிட வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின்படி, சிசிடிவி பதிவையோ போன் உரையாடலையோ நீதிமன்றத்தில் சான்றாகக் கொடுப்பவர் அதனுடன் ஒரு சான்றிதழும் தர வேண்டும். அந்தப் படிவத்தில் அந்தப் பதிவின் ஹாஷ் மதிப்பை எழுதவே தனி இடம் இருக்கிறது. சொத்து வழக்கிலோ குடும்ப வழக்கிலோ மாட்டிய எவரும் நாளை இந்தச் சொல்லைக் கேள்விப்படத்தான் போகிறார்கள்.

சரி, இந்தக் கைரேகைப் பட்டியல் எங்கிருந்து வருகிறது? நமக்குத் தெற்கே நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்னால் விளங்கும்.

2019 செப்டம்பர் 4. இந்தியாவின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன், அணுமின் கழகத்துக்கு ஒரு தகவல் அனுப்பியது. உங்கள் அமைப்புக்குள் ஒரு தீய மென்பொருள் இருக்கிறது என்பதே அது. அந்த மாதம் 23ஆம் தேதி காஸ்பர்ஸ்கி என்ற ரஷ்ய நிறுவனம், 'டிட்ராக்' என்ற உளவு மென்பொருளைப் பற்றி வெளிப்படையாக எழுதியது. இந்திய வங்கிகளின் ஏடிஎம் இயந்திரங்களில் கார்டு விவரங்களைத் திருடப் போடப்பட்டிருந்த ஒன்றைத் தோண்டப்போய், அதே குடும்பத்தைச் சேர்ந்த 180க்கும் மேற்பட்ட ஃபைல்கள் கிடைத்ததாக அது கூறியது. வடகொரியாவோடு தொடர்புபடுத்தப்படும் லாசரஸ் கும்பலின் வேலை என்றும் சொன்னது.

அக்டோபர் கடைசியில் விஷயம் வெடித்தது. பல நிறுவனங்களின் வைரஸ் தடுப்பு மென்பொருள்களைக் கொண்டு ஒரே இடத்தில் ஃபைல்களைச் சோதித்துத் தரும் வைரஸ்டோட்டல் என்ற பொதுத்தளத்தில் டிட்ராக் வகை ஃபைல் ஒன்று ஏறியிருந்தது. அதைப் பிரித்துப் பார்த்தவர்கள், அதற்குள் கூடங்குளம் அணுமின் நிலைய நெட்வொர்க்கின் பயனர் பெயரே எழுதப்பட்டிருப்பதைக் கண்டார்கள். 29ஆம் தேதி நிலையத்தின் அதிகாரி அப்படி எதுவும் இல்லை என்று மறுத்தார். மறுநாள் 30ஆம் தேதி அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது: தீய மென்பொருள் இருந்தது உண்மை, அது நிர்வாக வேலைக்கான, இன்டர்நெட் இணைப்புள்ள நெட்வொர்க்கில் ஒரு பயனரின் கணினியில் இருந்தது, உலையை இயக்கும் நெட்வொர்க் இதிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது, அதற்குப் பாதிப்பில்லை என்று அறிவித்தது.

ஒரு நாள் இடைவெளியில் 'இல்லை' என்பது 'உண்டு' ஆனது வருத்தமான விஷயம்தான். மறைத்தவருக்கு மரியாதை கூடவில்லை. ஆனால் நம் பேச்சு அதைப் பற்றியதல்ல. அந்த ஃபைல் வெளியே தெரிந்தவுடன் அதன் ஹாஷும் வெளியே தெரிந்துவிட்டது. அதை எடுத்து உலகின் எந்த அலுவலகமும் தன் கணினிகளில் 'இந்தக் கைரேகைக்காரன் உள்ளே வரக்கூடாது, ஏற்கெனவே உள்ளே இருந்தால் எனக்குச் சொல்' என்று உத்தரவு போடலாம். செர்ட்-இன் வெளியிடும் எச்சரிக்கைகளின் கடைசியில் பல நேரங்களில் இப்படிப்பட்ட பட்டியல் இருக்கும். அதைத்தான் பெரிய கம்பெனிகள் எடுத்துத் தங்களுக்குச் சாமான் கொடுப்பவர்களுக்கும் அனுப்புகின்றன. சிறிய பட்டறையின் கணினி வழியாகத் தங்களுக்குள் நுழைந்துவிடுவார்களோ என்ற பயம் அவர்களுக்கு.

இதே சம்பவத்தை இன்னொரு கோணத்தில் பாருங்கள். கூடங்குளத்தின் பயனர் பெயரையே உள்ளே வைத்துத் தைக்கப்பட்ட ஃபைல் அது. அந்த அளவுச் சட்டை வேறு யாருக்கும் பொருந்தாது. ஆகவே முதல் முறை அது உள்ளே வந்தபோது அதன் ஹாஷ் எந்தப் பட்டியலிலும் இருந்திருக்க வாய்ப்பில்லை. உள்ளூர் ஸ்டேஷன் சுவரில் ஒட்டியிருக்கும் போட்டோக்கள் ஏற்கெனவே பிடிபட்டவர்களுடையவை, முதல் தடவை திருட வருபவனுடைய போட்டோ அங்கே இருக்காது. காஸ்பர்ஸ்கி கண்ட 180 ஃபைல்களையும் நினைத்துப் பாருங்கள். ஒரே குடும்பம், ஆனால் 180 கைரேகை. ஒன்றைத் தடுத்தால் மற்றது வரும்.

2017 மே 12, வெள்ளிக்கிழமை பரவிய வானாக்ரை பணயத்தொகை வைரஸிலும் இதுவே நடந்தது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள். பக்கத்து மாநிலத்தில் வயநாட்டின் ஒரு கிராமப் பஞ்சாயத்து அலுவலகம்கூடத் தப்பவில்லை. அதை நிறுத்த ஒரு பிரிட்டன் இளைஞர் வழி கண்டுபிடித்த சில நாட்களுக்குள், யாரோ ஃபைலுக்குள் சில எழுத்துகளை மட்டும் மாற்றிப் புது வடிவங்களை ஊருக்குள் விட்டார்கள். பழைய ஹாஷ் பட்டியலுக்கு அவை புதிய ஆட்கள். ஆனால் மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்த அப்டேட்டைப் போட்டிருந்தவர்களின் கணினிகளுக்குள் பழையதும் சரி, புதியதும் சரி, அந்த ஓட்டை வழியே நுழைய முடியவில்லை. 'அப்டேட் கேட்டுட்டே இருக்கு, அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளுபவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கவும்.

அப்படியானால் ஹாஷ் பட்டியல் வீண்தானா? இல்லை. ஒரு கணினியில் விஷ ஃபைல் சிக்கிவிட்டது, மற்ற இருபது கணினிகளிலும் அது பரவியிருக்கிறதா என்று அரை மணி நேரத்தில் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. பென்டிரைவ் வழியாக மேஜைக்கு மேஜை போகும் ஒரே ஃபைலைப் பிடிக்கவும் இது போதும். நல்ல ஃபைலைத் தவறாகப் பிடித்துவிடும் ஆபத்தும் மிகக் குறைவு. முதல் கதவாக மட்டும் இதை நம்பக்கூடாது, அவ்வளவே.

இனி செய்முறை. ஒரு ஃபைலின் ஹாஷைக் காண எதையும் விலைக்கு வாங்க வேண்டாம். விண்டோஸின் கட்டளைத் திரையில் செர்ட்யூட்டில் என்ற கருவி ஏற்கெனவே இருக்கிறது. ஃபைலின் பெயரையும் முறையின் பெயரையும் கொடுத்தால் ஒரு நொடியில் 64 எழுத்துகளைக் காட்டும். ஃபைலைத் திறக்க வேண்டியதில்லை. சந்தேகப்பட்ட ஃபைலை இரட்டைக் கிளிக் செய்து 'என்னதான் இருக்கிறது பார்ப்போம்' என்று பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

தடை போடுவதற்குப் பல வழிகள் உண்டு. அலுவலகங்களுக்கான வைரஸ் தடுப்பு மென்பொருளில் பொதுவாக ஒரு நிர்வாகத் திரை இருக்கும். ஹாஷ் பட்டியலை ஒட்டும் வசதி அதில் உண்டா என்று விற்றவரிடம் கேளுங்கள். உண்டு என்றால் எல்லாக் கணினிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து தடை போய்ச் சேரும். மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரின் கட்டணப் பதிப்பிலும் இது உண்டு. எல்லோருடைய விண்டோஸிலும் இலவசமாக வரும் டிஃபெண்டரில் இப்படிச் சொந்தப் பட்டியல் ஒட்டும் இடம் கிடையாது. விண்டோஸிலேயே ஆப்லாக்கர் என்ற ஏற்பாடு ஒன்று உண்டு. ஆனால் அதன் திரையில் ஹாஷ் விதி எழுத வேண்டுமானால் அந்த ஃபைலையே எடுத்துக் காட்டச் சொல்லும். மெயிலில் வந்த எண்ணை மட்டும் வைத்து அங்கே ஒன்றும் செய்ய முடியாது. விஷ ஃபைலைத் தேடி டவுன்லோடு செய்து அதைக் காட்டலாமே என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்!

இரண்டு எச்சரிக்கைகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, பட்டியலை அப்படியே ஒட்டாதீர்கள். விஷ மென்பொருள் தன் வேலைக்கு விண்டோஸின் நல்ல ஃபைல்களையும் பயன்படுத்துவதுண்டு. பட்டியல் தயாரித்தவர் கவனக்குறைவாக அதன் ஹாஷையும் சேர்த்திருந்தால், நீங்கள் தடை போட்ட அன்றே எல்லாக் கணினிகளும் படுத்துவிடும். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி நிறுவனத்தின் அப்டேட் ஒன்று, விண்டோஸ் எக்ஸ்பியின் முக்கியமான ஃபைல் ஒன்றையே வைரஸ் என்று எண்ணி அப்புறப்படுத்தியது. உலகம் முழுவதும் அலுவலகங்களும் மருத்துவமனைகளும் திண்டாடின. அது ஹாஷ் பட்டியலால் வந்த பிழை அல்ல. ஆனால் நல்லவனைக் கள்ளனென்று பிடித்தால் நடப்பது எல்லா முறையிலும் ஒன்றுதான். முதலில் ஒரு கணினியில் போட்டு, ஒரு நாள் வேலை பார்த்த பிறகு மற்றவற்றில் போடுங்கள்.

இரண்டாவது, நம்மைப் போன்ற அறக்கட்டளைகளுக்கும் ஜமாஅத் அலுவலகங்களுக்கும் மிக முக்கியமானது. சந்தேகமான ஃபைல் என்றால் உடனே வைரஸ்டோட்டலில் ஏற்றிப் பார்ப்பது இளைஞர்களின் வழக்கம். அங்கே ஏற்றிய ஃபைலைக் கட்டணம் கட்டிய உறுப்பினர்கள் எடுத்துப் பார்க்க முடியும். 'ஜகாத் விண்ணப்பம்' என்ற எக்செல் ஃபைலில் வைரஸ் இருக்கிறதோ என்று நீங்கள் ஏற்றினால், அதற்குள் இருக்கும் விதவைப் பெண்களின் பெயர், ஆதார் எண், வங்கிக் கணக்கு, எந்த வீட்டில் எவ்வளவு கடன் என்பதெல்லாம் முகம் தெரியாதவர்களின் கைக்குப் போகிறது. அந்தக் குடும்பங்கள் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் அது. ஃபைலை ஏற்ற வேண்டாம், அதன் ஹாஷை மட்டும் அந்தத் தளத்தின் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். ஏற்கெனவே தெரிந்த விஷம் என்றால் சொல்லிவிடும். ஹாஷிலிருந்து உள்ளே இருப்பதைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால் ரகசியம் காக்கப்படும். 'கிடைக்கவில்லை' என்று வந்தால் அது நல்ல ஃபைல் என்று பொருளல்ல, இதுவரை யாரும் அங்கே கொண்டுவரவில்லை என்று மட்டுமே பொருள்.

சின்னக் கடைகளுக்கு என் யோசனை வேறு. கெட்டவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு அலைவதைவிட, நல்லவர்களின் பட்டியலை வைத்துக்கொள்வது எளிது. பில்லிங் கணினியில் என்ன ஓட வேண்டும்? கணக்கு மென்பொருள், பிரிண்டர், பிரவுசர். அவற்றை மட்டும் அனுமதித்து மற்ற எதுவும் ஓடக்கூடாது என்று அதே ஆப்லாக்கர் போன்ற ஏற்பாட்டில் விதி வைக்கலாம். கல்யாண மண்டபத்து வாசலில் வரக்கூடாதவர்களின் பெயரைப் படிப்பதற்குப் பதில், அழைப்பிதழ் இருந்தால் உள்ளே விடுவது போல. முதலில் ஒரு நாள் வேலை பிடிக்கும். கணினி தெரிந்தவரைக் கூப்பிட்டுக் கூலி கொடுத்துச் செய்தாலும் தகும்.

அதைவிட முன்னதாகச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கடை கடையாகப் போய் வந்தவன் என்பதால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். கிராக் செய்த மென்பொருளைப் போடுவதற்காக 'ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணுங்க' என்று சொல்லும் ஆளை நம்பாதீர்கள். பூட்டைத் திறந்து வைத்துவிட்டு வா என்பவனுக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்? வீட்டிலிருந்து கடைக் கணக்கைப் பார்ப்பதற்காக ரிமோட் வழியைத் திறந்து, 'அட்மின் 123' என்று பாஸ்வேர்டு வைப்பதும் அப்படித்தான். பணயத்தொகைக் கும்பல்கள் நுழையும் வழக்கமான வழிகளில் அதுவும் ஒன்று.

நுழைந்தால் என்ன ஆகும்? 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்கள் பூட்டப்பட்டன. சுமார் 1.3 டெராபைட் தகவல் திறக்க முடியாமல் போனதாக அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. ஓ.பி. சீட்டு முதல் பரிசோதனை முடிவு வரை பல நாட்கள் கையால் எழுதி ஓட்டினார்கள். நகல் வைத்திருந்ததால்தான் தகவல்களை மீட்க முடிந்தது. நம் கடையில் பத்து வருடக் கணக்கும் ஒரே கணினியில்தான் இருக்கிறது என்றால், வாரம் ஒருமுறை வெளி ஹார்ட்டிஸ்கில் நகல் எடுத்து, எடுத்தவுடன் வயரைக் கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியே வைத்திருந்தால் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

போன்களைப் பற்றி ஒரு வார்த்தை. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்றும், போக்குவரத்து அபராதம் என்றும், வங்கி கேஒய்சி என்றும் வரும் ஏபிகே ஃபைல்களுக்கு ஹாஷ் பட்டியலை நம்பிப் பயனில்லை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாற்றி அனுப்புகிறார்கள். பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும். இன்ஸ்டால் செய்யச் சொல்லும் பத்திரிகை எதுவும் பத்திரிகை அல்ல. வீட்டில் பெரியவர்களுக்கு இதை நேரில் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள்.

பணம் போய்விட்டால் நேரம் பார்க்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவில் நிறுத்த வாய்ப்பு அதிகம். நிறுவனக் கணினிகளில் ஊடுருவல் நடந்தால், தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 அன்று உத்தரவு வந்திருக்கிறது. 1800 11 4949 அவர்களுடைய இலவச எண். கெட்டுப்போன கணினியைச் சுத்தம் செய்ய மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா இலவசக் கருவிகளைத் தருகிறது. சென்னையின் கே7, புனேயின் குவிக் ஹீல் போன்ற நிறுவனங்களோடு சேர்ந்து நடத்தும் ஏற்பாடு அது.

கப்பலூர் தம்பியின் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த ஞாயிறு அவரோடு பட்டறைக்குப் போனேன். ஷீட்டில் இருந்த 64 எழுத்து வரிகளை மட்டும் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றையும் பொதுத்தளத்தில் தேடிப் பார்த்தோம். இரண்டு வரிகளில் எழுத்துகள் 63தான் இருந்தன. யாரோ காப்பி எடுக்கும்போது கடைசி எழுத்தை விட்டிருக்கிறார்கள். அதைக் கேட்டு மெயில் போட்டோம். மற்றவற்றை முதலில் அவருடைய கணினியில் போட்டு, மறுநாள் மாலை மீதி எட்டு கணினிகளிலும் போடலாம் என்று நிர்வாகத் திரையைத் திறந்தார். பட்டியலில் இருந்த எதுவும் அந்தப் பட்டறையில் இல்லை. ஆனால் அந்தத் திரையில் மூன்று கணினிகளுக்கு நேராகச் சிவப்புப் புள்ளி இருந்தது. ஆன்டிவைரஸ் லைசென்ஸ் முடிந்து எட்டு மாதம் ஆகிவிட்டதாம். அதில் ஒன்று முதலாளியின் மேஜையில் இருப்பது.